ஏ.வி.எம். என்ற விலாசம்

புதுக்கோட்டையில் காரைக்குடி பஸ்ஸைப் பிடித்தால் திருமயம் கோட்டையைத் தாண்டி ஒரு மணி நேரம் சொச்சத்தில் இறங்கிவிடலாம். ரயிலில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் தேவகோட்டை ரஸ்தா என்று ஒரு சின்ன ஸ்டேஷன் வரும். 1940களின் நடுவில் இந்த இடத்தில் ஒரு சினிமா ஸ்டுடியோ இருந்தது என்று சொன்னால் பாதிப் பேர் நம்ப மாட்டார்கள். சென்னையில் இல்லாமல், சேலம் கோயமுத்தூரிலும் இல்லாமல், செட்டிநாட்டுப் பொட்டலில்!

அதுதான் முதல் ஏ.வி.எம். ஸ்டுடியோ. வடபழனியில் சுற்றும் அந்த உலக உருண்டைக்கு எல்லாம் முன்னால் நடந்த கதை இது.

ஏ.வி.எம். எப்போது தொடங்கியது என்று கேட்டால் எல்லோரும் 1945 அக்டோபர் 14 என்று சொல்வார்கள். தேதி சரிதான். ஆனால் அந்தத் தேதியில் ஏ.வி. மெய்யப்பன் ஒன்றும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர் இல்லை. அதற்குள் அவருக்கு ரெக்கார்டு கம்பெனி, படக் கம்பெனி, இன்னொரு படக் கம்பெனி, ஸ்டுடியோ என்று பத்துப் பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தது. எல்லாம் தனித்தனிப் பெயரில், தனித்தனிக் கூட்டாளிகளோடு. இவை எல்லாம் எப்படி ஒரே பெயருக்குக் கீழே வந்தன என்பதுதான் வணிகவியல் படிக்கிறவர்களுக்கு ருசியான விஷயம்.

கார்ப்பரேட் அக்கவுண்டிங் பாடத்தில் கம்பெனிகள் இணைவதைப் பற்றி ஒரு முழு அத்தியாயமே உண்டு. இரண்டு கம்பெனி கலைந்து மூன்றாவது கம்பெனி பிறந்தால் அமால்கமேஷன், ஒன்று இன்னொன்றை விழுங்கினால் அப்சார்ப்ஷன், கொள்முதல் விலை எவ்வளவு, நல்லெண்ண மதிப்பு எவ்வளவு என்று கணக்குப் போடச் சொல்வார்கள். மெய்யப்பன் செய்தது இதில் எந்தத் தலைப்பிலும் அடங்காது. அவர் கம்பெனிகளை இணைக்கவில்லை. கம்பெனிகளை விட்டுவிட்டு, அந்தக் கம்பெனிகள் செய்துகொண்டிருந்த வேலைகளை மட்டும் எடுத்து வந்து ஒன்றாகச் சேர்த்தார்.

இது புரிய வேண்டுமானால் முதலில் செட்டிநாட்டுக் கடைகளின் வழக்கம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

நகரத்தார் ஊர்கள் காரைக்குடி, தேவகோட்டையோடு முடிந்துவிடுவதில்லை. ராயவரம், அரிமளம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று பல ஊர்கள் அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குள் இருந்தன, இன்றைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து பர்மா, மலாயா, சிலோன் என்று போய் வட்டிக்கடை வைத்தவர்கள் எல்லாக் கடையையும் ஒரே கம்பெனியாக வைத்துக்கொள்ளவில்லை. ரங்கூன் கடைக்கு ஒரு கூட்டு, பினாங்குக் கடைக்கு வேறு கூட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பேரேடு, தனி ஏஜென்ட். ஏஜென்ட் மூன்று வருடம் இருந்து கணக்கு முடித்து ஊர் திரும்புவார். ஒரே செட்டியார் நாலு கடையில் நாலு விதமான பங்கு வைத்திருப்பார். ஒரு கடையில் வந்த நஷ்டம் இன்னொரு கடையின் பேரேட்டைத் தொடாது. அந்தக் காலத்து ரிஸ்க் மேனேஜ்மென்ட்!

கடைக்குப் பெயர் வைக்கும் முறையும் தனி. மீனாட்சி ஸ்டோர்ஸ், முருகன் விலாஸ் என்றெல்லாம் இல்லை. குடும்பத்துப் பெரியவர்களின் பெயர்களில் முதல் எழுத்துகளைச் சேர்த்து வைப்பார்கள். அதற்குப் பெயர் விலாசம். இந்தியன் ஓவர்சீஸ் பாங்கைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். அந்த 'எம்.சிடி.எம்.' அப்படிப்பட்ட விலாசம்தான். உண்டியலில் அந்த எழுத்துகளைப் பார்த்தால் ரங்கூனில் பணம் கிடைக்கும். எழுத்துகள்தான் நாணயம்.

மெய்யப்பன் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். அப்பா ஆவிச்சி செட்டியார் வைத்திருந்தது வட்டிக்கடை இல்லை. ஏவி அண்ட் சன்ஸ் என்ற சில்லறைக் கடை. அதில் கிராமபோன் ரெக்கார்டும் விற்றார்கள். மகன் அங்கே நின்று ரெக்கார்டு விற்றார். விற்றால் கமிஷன்தான் கிடைக்கும், தயாரித்தால்தான் லாபம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். 1930களின் தொடக்கத்தில் சென்னைக்குப் போய், கே.எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களோடு கூட்டுச் சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸ் தொடங்கினார். ஜெர்மன் கம்பெனியான ஓடியனின் முத்திரையில் இவர்கள் தமிழ்ப் பாட்டுகளையும் நாடகங்களையும் பதிவு செய்து வெளியிட்டார்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. ஓடியனுக்குச் சொந்தக்காரரான கார்ல் லிண்ட்ஸ்ட்ரோம் கம்பெனியை 1926இலேயே இங்கிலாந்தின் கொலம்பியா வாங்கிவிட்டது. 1931இல் கொலம்பியாவும் 'நாய் மார்க்' எச்.எம்.வி. ரெக்கார்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும் சேர்ந்து ஈ.எம்.ஐ. ஆயின. அதாவது சென்னையில் எதிரெதிராக நின்று விற்ற ஓடியனும் எச்.எம்.வி.யும் லண்டனில் ஒரே குடும்பம். மந்தக் காலத்தில் ரெக்கார்டு விற்பனை படுத்ததால் நடந்த இணைப்பு அது. சரஸ்வதி ஸ்டோர்ஸ் கூட்டாளிகளுக்கு இது எவ்வளவு தூரம் பாதித்ததோ, தொழில் உலகம் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது என்பதை மட்டும் இது காட்டுகிறது.

பேசும் படம் வந்ததும் ரெக்கார்டுக்காரர்கள் சினிமாவுக்குப் போனது இயற்கை. பாட்டுக்காரர்கள் இவர்கள் கையில்தான் இருந்தார்கள். சரஸ்வதி என்ற பெயரிலேயே ஒரு படக் கம்பெனி வைத்து மெய்யப்பன் 'அல்லி அர்ஜுனா' எடுத்தார். கல்கத்தாவுக்குப் போய் எடுத்த படம். 1935இல் வந்தது, ஓடவில்லை. அதே வருடம் 'ரத்னாவளி'. அதுவும் கையைக் கடித்தது. பிறகு பெங்களூரில் தியேட்டர் வைத்திருந்த ஜெயந்திலாலோடு கூட்டு. இந்தக் கூட்டுக்குப் பெயர் பிரகதி பிக்சர்ஸ். 1938இல் 'நந்தகுமார்'. டி.ஆர். மகாலிங்கம் அறிமுகமான படம். தேவகி பாத்திரத்துக்கு லலிதா வெங்கட்ராமனைப் பாட வைத்து ஒலியைச் சேர்த்தார்கள். தமிழில் பின்னணிப் பாட்டு இதிலிருந்துதான் என்று சினிமா வரலாற்றுக்காரர்கள் சொல்வது வழக்கம். பிரகதி பெயரில் தெலுங்கில் 'பூகைலாஸ்' (1940), தமிழில் 'சபாபதி' (1941), 'என் மனைவி' (1942), கன்னடத்தில் எடுத்துத் தமிழுக்குக் குரல் மாற்றிய 'ஹரிச்சந்திரா', கடைசியில் 1945இல் 'ஸ்ரீவள்ளி'.

'ஸ்ரீவள்ளி'யில் நடந்த ஒரு சம்பவத்தை இங்கே சொல்லியாக வேண்டும். வள்ளியாக நடித்த குமாரி ருக்மிணியே பாடியும் இருந்தார். படத்தைப் பார்த்த மெய்யப்பனுக்கு அந்தக் குரல் திருப்தியாக இல்லை. பி.ஏ. பெரியநாயகியைக் கூப்பிட்டுப் பாட்டுகளை மறுபடி பாட வைத்து, ருக்மிணியின் குரல் இருந்த இடத்தில் சேர்த்தார். ரெக்கார்டுக் கடைக்காரரின் காது, ஒலிப்பதிவாளரின் கருவி, படத் தயாரிப்பாளரின் பிடிவாதம் மூன்றும் ஒரே ஆளிடம் இருந்ததால் முடிந்த காரியம். படம் பெரிய வெற்றி.

ஆனால் பேரேட்டில் அந்த மூன்றும் ஒரே ஆள் இல்லையே! ரெக்கார்டு சரஸ்வதி ஸ்டோர்ஸ் கணக்கு, படம் பிரகதி கணக்கு. இங்கே நண்பர்கள் பங்காளிகள், அங்கே ஜெயந்திலால் பங்காளி. 1932ஆம் வருடத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தைப் படித்தவர்களுக்கு இதில் உள்ள சிக்கல் உடனே தெரியும். 25ஆம் பிரிவுப்படி ஒரு கூட்டாளி, கூட்டின் கடனுக்கு மற்றவர்களோடு சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. நாலு கூட்டில் இருப்பவருக்கு நாலு கூட்டின் கடனும் தலையில். 16ஆம் பிரிவுப்படி, கூட்டோடு போட்டி போடும் தொழிலைத் தனியாக நடத்தினால் அந்த லாபத்தைக் கூட்டுக்குக் கொண்டுவந்து கட்ட வேண்டும். ஒரு கம்பெனியின் பாட்டை இன்னொரு கம்பெனியில் பயன்படுத்தினால் யாருக்கு யார் பணம் கொடுப்பது? தன் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றுகிற பணத்துக்கு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கவேண்டிய நிலை.

வட்டிக்கடையில் இந்தத் தனித்தனிக் கூட்டு நன்றாக வேலை செய்தது. ரங்கூன் கடைக்கும் பினாங்குக் கடைக்கும் கொடுக்கல் வாங்கலைத் தவிர வேறு தொடர்பு தேவைப்படவில்லை. சினிமாவில் அப்படி இல்லை. பாட்டு இல்லாமல் படம் இல்லை, தளம் இல்லாமல் படப்பிடிப்பு இல்லை. இவற்றைத் தனித்தனிக் கடையாக வைத்தால் எல்லாக் கடையும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கிடக்கும். தாத்தா காலத்து வழக்கம் பேரன் தொழிலுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லலாம்.

அதோடு யுத்தம் வேறு. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் செட்டிநாட்டின் முதலில் பெரும்பகுதி அங்கேயே சிக்கிக்கொண்டது. சினிமாவில் பிலிம் பஞ்சம். படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது, பிறகு பிலிமுக்கு லைசென்ஸ் முறை வந்தது. யுத்தம் முடிந்து கட்டுப்பாடு தளர்ந்த நேரத்தில் யார் கையில் சொந்தத் தளமும் சொந்தக் கருவியும் இருக்கிறதோ அவர்தான் முந்த முடியும். சென்னையில் எஸ்.எஸ். வாசனுக்கு ஜெமினி இருந்தது. சேலத்தில் டி.ஆர். சுந்தரத்துக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்தது. மெய்யப்பனுக்கு அப்போது வயது 38. 'ஸ்ரீவள்ளி' கொடுத்த பெயர் இருந்தது. பிரகதியிலிருந்து விலகினார்.

1945 அக்டோபரில் சாந்தோமில் தொடங்கிய புதிய நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயரைக் கவனியுங்கள். சரஸ்வதி இல்லை, பிரகதி இல்லை. ஏ.வி.எம். அது ஒரு விலாசம்! பாங்கு உண்டியலில் இருந்த பழக்கத்தைச் சினிமா போஸ்டருக்குக் கொண்டு வந்துவிட்டார். தனித்தனிக் கூட்டு என்ற செட்டிநாட்டு வழக்கத்தைக் கைவிட்ட அன்றே, எழுத்துகளில் நாணயத்தை வைக்கும் செட்டிநாட்டு வழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

சென்னையில் ஸ்டுடியோ போட மின்சாரம் கிடைக்கவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் கிடைத்தது. தேவகோட்டை ரஸ்தாவில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, கொட்டகைகள் போட்டு, ஆட்களை அங்கேயே தங்கவைத்துப் படம் எடுத்தார். சென்னையில் வீடு வாசல் இருந்த நடிகர்களும் டெக்னீஷியன்களும் மூட்டை கட்டிக்கொண்டு செட்டிநாட்டுக்கு வந்தார்கள். தொழிலை ஒன்றாக்கியதன் முதல் பலனை இங்கே பார்க்கலாம். எல்லாரும் ஒரே வளாகத்தில். காலையில் ஒத்திகை, மாலையில் ஒலிப்பதிவு, யாருக்கும் இன்னொரு கம்பெனியில் கால்ஷீட் இல்லை.

அங்கே எடுத்த 'நாம் இருவர்' 1947 ஜனவரியில் வந்தது. சுதந்திரத்துக்கு ஏழு மாதம் முன்பு. படத்தில் பாரதியார் பாட்டுகள். டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆடினார். தேச உணர்ச்சி பொங்கிய அந்த நாளில் படம் ஓடியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தப் பாட்டுகள் எப்படிக் கிடைத்தன என்பதில்தான் தொழில் இருக்கிறது. பாரதி பாடல்களை இசைத்தட்டாக வெளியிடும் உரிமை சுராஜ்மல் நகைக்கடைக் குடும்பத்து ஜெய்சிங்லால் மேத்தாவிடம் இருந்தது. அவரிடமிருந்து மெய்யப்பன் அதை விலைக்கு வாங்கியிருந்தார். வாங்கியது ரெக்கார்டுக்காரரின் புத்தி, பயன்படுத்தியது சினிமாக்காரரின் புத்தி. இரண்டும் தனித்தனிக் கம்பெனியில் இருந்திருந்தால் அந்த உரிமை எந்தப் பேரேட்டில் உட்கார்ந்திருக்குமோ!

அந்த உரிமையை அவர் சும்மா வைத்திருக்கவும் இல்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தபோது வக்கீல் நோட்டீஸ் போனது. ஒரு மகாகவியின் பாட்டு ஒரு தனியாரின் சொத்தா என்று நாட்டில் பெரிய பேச்சாகிவிட்டது. வியாபாரியாகப் பார்த்தால் அவர் செய்தது சரி. காசு கொடுத்து வாங்கிய சொத்தைக் காப்பாற்றத்தான் வேண்டும். ஊராகப் பார்த்தால், அது எரிச்சலூட்டிய காரியம். 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான சென்னை அரசு பாரதி படைப்புகளின் உரிமையை வாங்கிப் பொதுவாக்க முன்வந்தபோது, மெய்யப்பன் தன் உரிமையைக் காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். மதிப்புள்ள கண்ணுக்குத் தெரியாத சொத்து ஒன்று விலை இல்லாமல் கைமாறினால் ஜர்னலில் என்ன பதிவு எழுதுவது என்று ஒரு நல்ல தேர்வுக் கேள்வி கேட்கலாம்.

பணம் வந்தால் அதை எங்கே போடுவது என்பதிலும் அந்தக் காலத்து சினிமாக்காரர்கள் வித்தியாசப்பட்டார்கள். புதுக்கோட்டைக்காரரான பி.யு. சின்னப்பா சம்பாதித்ததை எல்லாம் ஊரில் வீடுகளாக வாங்கினார். இனி வீடு வாங்கக்கூடாது என்று சமஸ்தானமே தடை போட்டதாக ஊரில் இன்றும் கதை சொல்வார்கள். 1951இல், 35 வயதில், அவர் போனதோடு அந்தச் சம்பாத்தியமும் நின்றது. நடிகனின் தொழில் அவன் உடம்போடு இருக்கிறது, என்ன செய்ய. மெய்யப்பன் வந்த பணத்தை மறுபடி தளத்திலும் கருவியிலும் போட்டார்.

1948இல் சென்னையில் நிலைமை சீரானதும் கடையைக் கட்டிக்கொண்டு வடபழனிக்குப் போனார். தேவகோட்டை ரஸ்தாவின் சினிமா வாழ்க்கை அதோடு முடிந்தது. அதே வருடம் மார்ச் 3ஆம் தேதி புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. அந்த இணைப்புக்குப் பத்திரம் உண்டு, கையெழுத்து உண்டு, கஜானாவை ஒப்படைத்த கணக்கு உண்டு. மெய்யப்பனின் இணைப்புக்கு அப்படி ஒரு காகிதமும் தேவைப்படவில்லை, ஏனென்றால் இரண்டு பக்கத்திலும் அவரேதான் இருந்தார்.

இதே 1948 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. படம் எடுப்பதும் விநியோகிப்பதும் தியேட்டர் நடத்துவதும் ஒரே முதலாளி கையில் இருந்தால் சின்னவர்கள் நசுங்கிப் போவார்கள் என்பது அங்கே வழக்கு. தீர்ப்பின் விளைவாக ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைப் பிரித்து விற்கவேண்டி வந்தது. அங்கே கோர்ட்டு பிரித்துக்கொண்டிருந்த வருடத்தில் இங்கே ஒருவர் சேர்த்துக்கொண்டிருந்தார். இரண்டிலும் தவறில்லை. அங்கே ஐந்து யானைகள் காட்டையே அடைத்துக்கொண்டிருந்தன. இங்கே காடே இன்னும் சரியாக வளரவில்லை.

வடபழனியில் தளம், ஒலிப்பதிவு, லேப் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் வந்தன. அதன் ருசியை 'வாழ்க்கை'யில் பார்க்கலாம். 1949இல் வைஜயந்திமாலாவை அறிமுகப்படுத்தித் தமிழில் எடுத்த கதை. 1950இல் அதே தெலுங்கில் 'ஜீவிதம்', 1951இல் இந்தியில் 'பஹார்'. மூன்றிலும் வைஜயந்திமாலா. கதைக்கு ஒரு முறை செலவு, வரவு மூன்று சந்தையிலிருந்து. காஸ்ட் அக்கவுண்டிங் பாஷையில் சொன்னால் நிலையான செலவு மூன்றாகப் பிரிந்துவிட்டது. சரஸ்வதி, பிரகதி என்று சிதறிக் கிடந்தபோது இந்த அளவுக்கு நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

ஆனால் எல்லாம் ஒரே ஆள் கையில் வந்தால் ஒரு இடைஞ்சலும் உண்டு. மறுத்துப் பேச ஆள் இருக்காது. கூட்டாளி என்பவன் லாபத்தில் பங்கு கேட்பவன் மட்டும் இல்லை, நீங்கள் தப்பு செய்யும்போது 'வேண்டாம்' என்று சொல்ல உரிமை உள்ளவனும் அவன்தான்.

மெய்யப்பனுக்கு அப்படி ஒரு கூட்டாளி 1952இல் அமைந்தார். வேலூர் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ. பெருமாள் முதலியார். ஏ.வி.எம்.மோடு சேர்ந்து அவர் எடுத்த படம் 'பராசக்தி'. கதாநாயகனாகப் பெருமாள் கொண்டுவந்து நிறுத்தியவர் வி.சி. கணேசன் என்ற நாடக நடிகர். எடுத்த காட்சிகளைப் போட்டுப் பார்த்த மெய்யப்பனுக்குப் பிடிக்கவில்லை. ஆளை மாற்றிவிட்டு கே.ஆர். ராமசாமியைப் போடலாம் என்றார். 'நந்தகுமார்'இலும் 'ஸ்ரீவள்ளி'யிலும் சரியாக வேலை செய்த அதே பிடிவாதம்தான். தளம் அவருடையது, லேப் அவருடையது. ஏ.வி.எம். மட்டுமே எடுத்த படமாக இருந்திருந்தால் மறுநாளே ஆள் மாறியிருக்கும். பெருமாள் முடியாது என்று நின்றார். படம் தீபாவளிக்கு வந்தது, வி.சி. கணேசன் சிவாஜி கணேசனாக நிலைத்தார்.

பிற்காலத்தில் ஒவ்வொரு பொங்கலுக்கும் சிவாஜி வேலூரில் பெருமாள் வீட்டுக்குச் சீர் எடுத்துப் போவது வழக்கம். வடபழனியில், அந்தப் படத்துக்காக அவர் முதன்முதலில் கேமரா முன் நின்று வசனம் பேசிய இடத்தில், ஏ.வி.எம்.காரர்களே ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.